வீடியோவின் தரம் எங்கே தொலைகிறது?

கேமராவில் பளிச்சென்று இருந்த வீடியோ, இணையத்தில் ஏற்றியதும் மங்கிப்போகிறது. மரத்து இலைகள் பச்சைத் திட்டுகளாகிவிடுகின்றன, முகம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகிவிடுகிறது. உடனே நெட் வேகத்தின் மேல்தான் பழி விழும். அது நியாயமில்லை. கோப்பு போகிற வழியில் ஏதாவது விடுபட்டால் அந்தத் துண்டு மறுபடி அனுப்பப்படும். ஏற்றும்போது இணைப்பு மெதுவாக இருந்தால் நேரம்தான் கூடும், தரம் குறையாது. தரத்தைக் குறைப்பது மறுசுருக்கம். யூடியூப் போன்ற தளங்கள், நாம் எதைக் கொடுத்தாலும் அதைப் பிரித்துத் தங்கள் அளவுக்கு மறுபடி சுருக்கிக்கொள்கின்றன. அதைத் தடுக்க நமக்கு வழியில்லை. அந்தச் சுருக்கத்தில் அதிகம் அடிபடாத வீடியோவைக் கொடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஏன் இப்படிச் சுருக்க வேண்டும்? கணக்குப் போட்டாலே தெரியும். 1080பி படத்தில் ஒரு ஃபிரேமுக்கு (வீடியோவின் ஒரு தனிப்படத்துக்கு) 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 3 பைட், அதாவது 24 பிட். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒரு வினாடிக்கு சுமார் 1,490 மெகாபிட். இதே 1080பி வீடியோவை ஏற்ற யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட், அதாவது ஒரு வினாடிப் படத்துக்கு ஒதுக்கும் அளவு, 8 மெகாபிட். ஏறக்குறைய 186-இல் ஒரு பங்கு! இவ்வளவு தள்ளியும் படம் படமாகத் தெரிகிறதே, அதுதான் உண்மையில் வியப்பு.

தள்ளுவதிலும் ஒரு முறை இருக்கிறது. நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. அதனால் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் வைக்கப்படுகிறது. இதிலேயே பாதி குறைந்துவிடும். அடுத்து அசைவு. முழுப் படம் எப்போதாவது ஒருமுறைதான் பதிவாகிறது. இடையில் வரும் ஃபிரேம்கள் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, 'இந்தக் கட்டம் பக்கத்து ஃபிரேமில் அந்த இடத்தில் இருந்தது' என்ற குறிப்பாக மட்டும் எழுதப்படுகின்றன. 2003-இல் வந்து இன்றும் பரவலாக ஓடும் எச்.264 கோடெக்கில் (கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) இந்தக் கட்டத்தின் அடிப்படை அளவு 16 × 16 பிக்சல். குறிப்புக்கு அடங்காமல் மிஞ்சும் வேறுபாட்டை, பெரிய ஏற்ற இறக்கங்கள், நுண்ணிய நெளிவுகள் என்று கணிதத்தால் பிரிக்கிறார்கள். நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம்தான் இதற்கு வேர். பிரித்தபின் நுண்ணிய பகுதிகளின் எண்கள் தோராயமாக்கப்படுகின்றன, பல சுழியமாகவே ஆகிவிடும். இலையின் நரம்பும் தோலின் நயமும் போவது இந்த இடத்தில்தான்.

இப்போது மங்கலான அறையில் எடுத்த ஒரு பேட்டியைப் பாருங்கள். பேசுபவருக்குப் பின்னால் வெறும் சுவர். வெளிச்சம் போதாமல் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றுகிறது, சுவரெங்கும் நாய்ஸ் எனும் தாறுமாறான புள்ளிகள் பொரிப்பொரியாகத் துடிக்கின்றன. நம் கண்ணுக்கு அது அசையாத சுவர். கோடெக்குக்கோ ஒவ்வொரு ஃபிரேமிலும் அது புதுச் சுவர். முந்தைய ஃபிரேமில் அதே பொரி கிடைப்பதில்லை, ஆகவே குறிப்பு எழுத முடியாது, ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும். பிட்டுகளோ அளவாகத்தான் இருக்கின்றன. சுவர் தின்றது போக மிச்சம்தான் முகத்துக்கு. காற்றில் ஆடும் மரமும் மழையும் அலையடிக்கும் தண்ணீரும் படுத்தும் பாடும் இதேதான்.

அதனால் நல்ல வெளிச்சமும் ஆடாத ஸ்டாண்டும் எந்த எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததைக் கோப்பாக வெளியெடுக்கும்) செட்டிங்கையும் விடப் பெரிய உதவி என்பேன். வெளிச்சத்துக்கு வழியே இல்லை என்றால் எடிட்டிங்கில் லேசாக நாய்ஸ் குறைக்கலாம். கேமராவின் ஷார்ப்னஸைக் குறைத்தே வையுங்கள், அது ஓரங்களில் போடும் செயற்கைக் கோடுகளும் பிட் தின்னும்.

நாய்ஸ் குறைப்பதற்கு வானம் மட்டும் விலக்கு. எட்டு பிட் வீடியோவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் அதிகபட்சம் 256 படிகள்தான். மெதுவாக நிறம் மாறும் அந்தி வானத்தைத் தோராயமாக்கினால் பட்டை பட்டையாகத் தெரியும். அங்கே துளி கிரெய்ன் (மெல்லிய பொரி) இருந்தால் பட்டை மறையும். நாய்ஸை முற்றிலும் வழித்தெடுக்காதீர்கள் என்பது இதனால்தான்.

அடுத்து, எத்தனை முறை சுருக்குகிறோம் என்பது. கேமரா ஒருமுறை சுருக்குகிறது. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால், அது போனிலேயே இன்னொரு முறை சுருக்கிவிட்டுத்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலக்கோப்பே போகும். அப்புறம் எடிட்டிங் ஒருமுறை, தளம் ஒருமுறை. முந்தைய சுருக்கம் விட்டுப்போன கட்ட ஓரங்களை, அடுத்த கோடெக் படத்தின் நிஜ விவரம் என்றே நம்பி அதைக் காப்பாற்றப் பிட் செலவழிக்கும். ஆகவே எக்ஸ்போர்ட்டில் தாராளமாக இருங்கள். 1080பி-க்கு 8 என்பது பரிந்துரைதான், 20 மெகாபிட் கொடுத்தால் தளத்தின் கைக்குச் சுத்தமான படம் போகும். 4கே, 30 ஃபிரேமுக்குப் பரிந்துரையே 35 முதல் 45 வரை. முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்றால் மறுபடி ரெண்டர் செய்யவே வேண்டாம். லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள் சுருக்கத்தைத் தொடாமல் நறுக்கித் தரும். முழுப் படம் பதிவான ஃபிரேமில்தான் சுத்தமாக வெட்ட முடியும் என்பதால், நினைத்த இடத்திலிருந்து வெட்டு கொஞ்சம் தள்ளி விழலாம்.

1080பி-யில் எடுத்ததை 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றும் வழக்கமும் இருக்கிறது. இதனால் புது விவரம் எதுவும் வராது. ஆனால் 4கே பிரதிக்குத் தளம் அதிக பிட்ரேட் ஒதுக்குவதால், பார்ப்பவர் அந்தப் பிரதியைத் தேர்ந்தெடுத்தால் படம் சுத்தமாகத் தெரியும். கோப்பு பெரிதாகும், ஏற்ற நேரமாகும், அவ்வளவுதான். ஃபிரேம் வேகத்தை மட்டும் மாற்றாதீர்கள். 25-ஐ 30 ஆக்கினால் சில ஃபிரேம்கள் இரட்டித்து, நடப்பவர் தத்தித் தத்தி நடப்பார்.

ஏற்றி முடித்ததும் பார்த்துவிட்டுப் பதறவும் வேண்டாம். யூடியூப் முதலில் குறைந்த தரப் பிரதியைத்தான் தயார் செய்யும். 4கே பிரதிக்கு மணிக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை வீடியோவை பிரைவேட்டாகவே வைத்திருந்து, தரப் பட்டியலில் 2160 (அதாவது 4கே) தெரிந்தபிறகு வெளியிடுங்கள்.