ஸ்போக்கன் வேர்ட்: தமிழில் என்ன சொல்வது?

நம்மூரில் 'ஸ்போக்கன்' என்றதும் கண்ணில் நிற்பது மாடிப்படி ஓரம் தொங்கும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புப் பலகைதான். அதனால் பிரிட்டனின் இளம் கலைஞர் ஒருவரை 'ஸ்போக்கன் வேர்ட் ஆர்ட்டிஸ்ட்' என்று படிக்கும்போது, இவர் பேச்சாளரா, கவிஞரா, பாடகரா என்று குழம்பத்தான் செய்யும். 'பேசப்பட்ட சொல்' என்று மொழிபெயர்த்தால் தனித்தனியாக இரண்டு சொல்லும் சரி. சேர்த்துப் படித்தால் ஒன்றும் விளங்காது.

மேடையில் சொல்லிக் காட்டுவதற்கென்றே எழுதப்படும் கவிதைக்கு இந்தப் பெயர். தாளில் படித்தால் பாதிதான் கிடைக்கும்; மீதி குரலிலும் மூச்சு வாங்கும் இடத்திலும் இருக்கிறது. பின்னால் இசை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ராப்பில் பீட் முன்னால் ஓடும், சொல் அதற்குள் வந்து விழவேண்டும். இங்கே தாளத்தைச் சொல்பவரே கையில் வைத்திருப்பார். நினைத்த இடத்தில் நிறுத்துவார், இழுப்பார்.

ஆனால் இந்தத் தொடர் கவிஞர்களிடமிருந்து வந்ததல்ல. இசைத்தட்டுக் கடைக்காரரின் அலமாரிச் சீட்டு போன்ற பெயர் அது. சொற்பொழிவு, நாடகம், கவிதை வாசிப்பு என்று பாட்டில் சேராத பதிவுகளையெல்லாம் போட்டுவைக்க ஒரு தலைப்பு தேவைப்பட்டது. 1959இல் அமெரிக்காவின் கிராமி இசை விருதுகள் முதன்முதலில் வழங்கப்பட்டபோதே இதற்கொரு பிரிவு உண்டு. ஸ்போக்கன் வேர்ட் கவிதைக்கென்று அங்கே தனி விருது வந்தது 2023இல்தான்.

பிரிட்டனில் இந்தக் கலைக்கு உயிர் வந்தது ஜமைக்கா வழியாக. அங்கே இசைத்தட்டின் பின்பக்கத்தில் பாடகரின் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் பதிவார்கள். அதற்கு 'டப்' என்று பெயர். (நம்முடைய சினிமா 'டப்பிங்'கும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான், சினிமாவில் குரலைச் சேர்க்கிறோம், ஜமைக்காவில் எடுத்தார்கள்.) அந்த வெற்று இசைமேல் ஒருவர் மைக் பிடித்துப் பேசியும் சீண்டியும் போவது 'டோஸ்டிங்'. 1952இல் ஜமைக்காவில் பிறந்து 1963இல் லண்டன் பிரிக்ஸ்டனுக்கு வந்த லின்டன் குவேசி ஜான்சன், காவல்துறையின் அடக்குமுறையையும் கறுப்பின இளைஞர்களின் கோபத்தையும் ஜமைக்கப் பேச்சுமொழியிலேயே எழுதி, ஜமைக்காவின் ரெகே இசையோடு சொன்னார். அதுதான் டப் கவிதை. பர்மிங்ஹாமின் பெஞ்சமின் செஃபனையா அதே வழியில் வந்தவர். சால்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் கூப்பர் கிளார்க் பங்க் என்ற முரட்டு ராக் இசை மேடைகளில் கவிதையை வேகவேகமாகக் கொட்டினார். 1982இல் லண்டனில் தொடங்கிய 'ஆப்பிள்ஸ் அண்ட் ஸ்னேக்ஸ்' அமைப்பு இப்படிப்பட்டவர்களுக்குத் தொடர்ந்து மேடை அமைத்தது.

ராப் என்ற சொல்லுக்கு வேறு கதை. ஆங்கிலத்தில் முதலில் தட்டு, குட்டு என்று பொருள். பிறகு வெடுக்கென்று சொல்வதையும் குறித்தது. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வழக்கில் பேச்சு, அரட்டை என்றாகி, அப்புறம் இசைக்குப் பெயரானது. பிரிட்டனில் ராப் செய்பவரை 'எம்.சி.' (மாஸ்டர் ஆஃப் செரிமனிஸ்) என்பதும் சகஜம். அவர் சொல்லும் வரிகள் 'பார்ஸ்'. இது ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று. '16 பார்' என்றால் பதினாறு சுற்று.

இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை. கவிஞரும் ராப் கலைஞருமான கே டெம்பெஸ்ட் 16 வயதில் மைக் பிடித்தது லண்டன் கார்னபி தெருப் பக்கம் இருந்த ஒரு ஹிப் ஹாப் இசைத்தட்டுக் கடையில். 2013இல் கவிதைக்கான டெட் ஹியூஸ் விருது கிடைத்தது. மறு ஆண்டே அவருடைய ராப் தொகுப்பு பிரிட்டனின் மெர்குரி இசை விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தது. கேம்பிரிட்ஜில் படித்த ஜார்ஜ் த பொயட் ராப்பில் தொடங்கிக் கவிதைக்கு நகர்ந்தவர். ராப் கலைஞர் லாயில் கார்னரின் பெயரே ஒரு சொல் விளையாட்டு: கொய்ல் லார்னர் என்ற குடும்பப் பெயரின் முதலெழுத்துகளை இடம் மாற்றி, தன் டிஸ்லெக்சியாவை (எழுத்துகள் குழம்பும் வாசிப்புச் சிக்கல்) தானே கிண்டல் செய்து வைத்துக்கொண்டது.

இவர்களோடு ஒட்டிவரும் இன்னொரு சொல் 'இண்டி'. பெரிய நிறுவனங்களின் பிடிக்கு வெளியே இயங்குவது என்று பொருள். லண்டன் ராப் கலைஞர் லிட்டில் சிம்ஸ் 2022இல் மெர்குரி விருது வென்ற தொகுப்பு அவருடைய சொந்த இசை வெளியீட்டு நிறுவனமான (லேபிள்) ஏஜ் 101இல் வந்தது. எம்.ஐ.ஏ. என்ற ஈழத்தமிழ்ப் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் தன் தந்தையின் பெயரால் 2005இல் தந்த 'அருளர்' தொகுப்பை வெளியிட்ட எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸும் இண்டிதான். தமிழில் 'சுயேச்சை' என்றால் வேட்பாளர் நினைவுக்கு வந்துவிடுகிறார். 'சுயாதீன இசை' பரவலாகிவிட்டது, இருக்கட்டும். எனக்கு 'தற்சார்பு இசை' பிடிக்கும்.

சரி, ஸ்போக்கன் வேர்டுக்கு வருவோம். ராப்புக்குச் 'சொல்லிசை' நன்றாக அமைந்துவிட்டது. இதற்கு 'வாய்மொழிக் கவிதை' என்றால் தாலாட்டும் ஒப்பாரியும் அல்லவா வந்து நிற்கும்? இது முதலில் எழுதப்பட்டு, பிறகு சொல்லப்படுவது. 'கவியரங்கக் கவிதை' நெருங்கி வருகிறது. ஆனால் தலைவரும் தலைப்பும் நாற்காலி வரிசையும் கூடவே வந்துவிடும். 'நிகழ்த்துக் கவிதை' பரவாயில்லை, கொஞ்சம் ஆய்வேட்டு வாடை.

சிலப்பதிகாரத்தைப் புரட்டினால் வேட்டுவ வரியில் 'உரைப்பாட்டு மடை' என்றொரு குறிப்பு வரும். உரைபோல் நடக்கும் பாட்டை நடுவே புகுத்துவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உரை என்பதற்கு முதற்பொருள் எழுத்து அல்ல, பேச்சு. 'உரைத்தான்' என்றால் சொன்னான். மடையை விட்டுவிட்டு 'உரைப்பாட்டு' என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பேச்சும் பாட்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. மேடையில் நடப்பதும் அதுதான்.

ஆக, லிட்டில் சிம்ஸ் சொல்லிசைக் கலைஞர். லின்டன் குவேசி ஜான்சன் உரைப்பாட்டுக் கலைஞர். கே டெம்பெஸ்ட்டை எதில் சேர்ப்பது என்று கேட்டால், எந்தத் தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.