பெருவழி: சொல் விளக்கம்

ஹைவே என்பதை நெடுஞ்சாலை என்று எழுதிப் பழகிவிட்டோம். துறையின் பெயரே அதுதான், பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் விட்டு ஊர், நாடு விட்டு நாடு போன வணிகத் தடத்துக்குத் தமிழில் முன்பே ஒரு பெயர் இருந்தது: பெருவழி.

பெருமை, வழி என்ற இரண்டும் சேர்ந்த சொல். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை ‘உல்குடைப் பெருவழி’ என்கிறது. உல்கு என்றால் சுங்கம். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் போவார்கள். வில்லேந்திய வீரர் வழிக்குக் காவல் நிற்பார்கள். சுங்கமும் காவலும் உள்ள பொதுவழி என்ற பொருள் அப்போதே இதில் வந்துவிட்டது. மலையாளத்தில் பெருவழி இன்றும் பேச்சில் புழங்குகிறது, நாம்தான் விட்டுவிட்டோம்.

சேலத்துக்காரர்கள் இந்தச் சொல்லைக் கல்லிலேயே படிக்கலாம். தலைவாசலை அடுத்த ஆறகழூரில் கிடைத்த கல், மகதேசன் பெருவழியில் காஞ்சிபுரம் 16 காதம் என்கிறது. காதம் என்பது பழைய தூர அளவு. மகதேசன் என்றால் மகதை மண்டலத்தின் தலைவன். ஆறகழூர்தான் அந்த மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் (வாணர்களின்) தலைநகர். இங்கிருந்து காஞ்சிக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வரும். அப்படியானால் அந்தக் கல் சொல்லும் காதம் பத்து கிலோமீட்டருக்கும் மேல்.

1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரிப் பகுதியிலும் ஒரு கல் உண்டு. அதியமான் பெருவழியில் நாவல் தாவளத்துக்குக் காதம் 29 என்று வெட்டியிருக்கிறார்கள். தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரரும் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இவ்வளவு அக்கறையோடு நட்ட கல்லை மைல்கல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காதக்கல் என்பதே பொருத்தம்.

அந்த அரசர்கள் போனார்கள், அவர்கள் பெயர் தாங்கிய வழிகளும் வழக்கொழிந்தன. இன்று தலைவாசல் வழியே போகும் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலைக்கும் பழைய எண் மிஞ்சவில்லை. தேசிய நெடுஞ்சாலை 68 ஆக இருந்தது, 2010 எண் மாற்றத்தில் 79 ஆனது. 68 ராஜஸ்தான் பக்கம் போய்விட்டது.

ஸ்டேட் ஹைவேயை மாநிலப் பெருவழி என்றும், அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிய சாலையை நீக்கப்பட்ட பெருவழி என்றும் எழுதலாம். வரலாற்றுக் கட்டுரையிலாவது சோழர் கால, வாணர் காலத் தடங்களுக்கு நெடுஞ்சாலை என்று போடாமல் பெருவழி என்றே எழுதுங்கள்.