அமெரிக்க வனவிலங்குப் புகலிடங்களில் வேட்டையும் மீன்பிடிப்பும்: எந்த அனுமதி யாருக்குத் தேவை?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் வேட்டையாடச் சட்டமே இடம் தருகிறது என்பது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பிலுள்ள இந்தியாவிலிருந்து சென்றவர்களுக்கு வியப்பாக இருக்கும். 1903இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவில் தொடங்கிய இந்தப் புகலிடங்களுக்கென 1997இல் வந்த சட்டம், பறவை பார்த்தல், படமெடுத்தல், இயற்கைக் கல்வி போன்றவற்றோடு வேட்டையையும் மீன்பிடிப்பையும் பொதுமக்களுக்குரிய முன்னுரிமைப் பயன்பாடுகளில் சேர்த்துள்ளது. ஆனால் புகலிடத்தின் நோக்கத்துக்கு ஊறு நேராத அளவில் மட்டுமே அவற்றை அனுமதிக்கலாம்.

ஆகவே, அலாஸ்கா நீங்கலாக, ஒரு புகலிடம் வேட்டைக்குத் திறக்கப்பட்டதாக விதிகளில் அறிவிக்கப்படும்வரை அது மூடப்பட்டதாகவே பொருள். வலசைப் பறவைகளின் தஞ்சமாக வாங்கப்பட்ட நிலங்களிலும் பொதுவாக 40 விழுக்காட்டுக்கு மேல் அப்பறவைகளின் வேட்டைக்குத் திறக்கப்படுவதில்லை. எஞ்சிய நீர்நிலைகளில் பறவைகள் அச்சமின்றி இறங்க முடிவதற்கு இந்த வரம்பே காரணம் என்பதால், எல்லைப் பலகையைத் தாண்டுவதைச் சிறு பிழையாகக் கருதக் கூடாது.

வேட்டைக்கு முதலில் வேண்டியது அந்தந்த மாநிலத்தின் உரிமம். பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். வாத்து, கூஸ் போன்ற நீர்ப்பறவைகளை வேட்டையாடும் 16 வயது நிறைந்தவர்கள், 1934 முதல் நடப்பிலுள்ள 'டக் ஸ்டாம்ப்' எனும் கூட்டாட்சி முத்திரையையும் வாங்கியாக வேண்டும். அதன் விலை 25 டாலர். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை செல்லும். காகித முத்திரையானால் அதன்மீது மையால் கையொப்பமிட வேண்டும். அதில் கிடைக்கும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களையும் புல்வெளிகளையும் காப்பதற்குச் செல்வதாலும், நுழைவுக் கட்டணம் வாங்கும் புகலிடங்களில் அதுவே அனுமதிச் சீட்டாவதாலும், துப்பாக்கியைத் தொடாதவர்களும் அதை வாங்குவது நல்லது என்பேன்.

நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு ஈயக் குண்டு) 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. சேற்றில் விழுந்த ரவைகளை இரையோடு விழுங்கிய வாத்துகள் ஈய நஞ்சேறி மடிந்ததே அதற்குக் காரணம். துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏற்றவும் கூடாது. மாநில விதியைவிடப் புகலிடத்தின் விதி கடுமையாக இருந்தால் புகலிடத்தின் விதியே செல்லும்; எனவே, அனுமதிக்கப்பட்ட நாள், நேரம், பகுதி ஆகியவற்றை அதன் துண்டறிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீன்பிடிப்புக்கு டக் ஸ்டாம்ப் தேவையில்லை. மாநில மீன்பிடி உரிமமும் அந்தப் புகலிடம் மீன்பிடிப்புக்குத் திறந்திருப்பதுமே முக்கியம். பறவைகள் கூடும் பருவத்தில் சில குளங்கள் மூடப்படுவதுண்டு.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மாநிலம் முறையாக வழங்கிய வேட்டை உரிமம் கையிலிருப்பது அதற்கான விதிவிலக்குகளுள் ஒன்று. ஆகையால் அவர்கள் உரிமத்தைப் பெறும் முன், நண்பரின் துப்பாக்கியைக்கூடக் கையில் வாங்கக் கூடாது.