நகபானனின் மூக்கு ஏன் அழியவில்லை?

மேற்கிந்தியாவை ஒரு காலத்தில் ஆண்ட சகர்களைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜெயித்த ராஜா, தோற்றவனுடைய காசுகளை உருக்கிப் புதிதாக அடிக்க வேண்டியதுதானே? பழைய காசின் மேலேயே முத்திரை குத்தியது சோம்பேறித்தனமா?"

அவர் கேட்பது ஜோகல்தெம்பி புதையலைப் பற்றி. 1906-ல் நாசிக் அருகே கிடைத்தது. 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள், எல்லாமே சக அரசன் நகபானன் அடித்தவை. ஒரு பக்கம் அவன் தலை, சுற்றிலும் கிரேக்க எழுத்து. மறுபக்கம் அம்பும் வஜ்ராயுதமும், பிராமி, கரோஷ்டி என்ற பழைய எழுத்து வகைகளில் அவன் பெயர். இவற்றில் 9,000-க்கும் மேற்பட்டவற்றின் மேல், அவனை வென்ற தக்காணத்துச் சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சதகர்ணியின் முத்திரை ஏறியிருக்கிறது: ஒரு பக்கம் மூன்று வளைவுள்ள குன்று, மறுபக்கம் கூட்டல் குறியின் நான்கு முனையிலும் வட்டம் வைத்த உஜ்ஜயினிச் சின்னம்.

சோம்பேறித்தனம் இல்லை, கணக்குதான். உருக்கினால் கரி செலவு, கூலி செலவு, கொஞ்சம் வெள்ளியும் சேதாரம். பழைய காசோ ஏற்கெனவே எடை பார்த்து வெட்டிய வில்லை, சுமார் 2 கிராம். அதை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் போதும்.

அப்படியும் நகபானன் முழுசாக மறைவதில்லை. குன்றின் வளைவுக்குள்ளிருந்து மூக்கு எட்டிப் பார்க்கும், ஓரத்தில் நாலைந்து கிரேக்க எழுத்து பிழைத்திருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காசில் மேடாகத் தெரிவது அச்சில் பள்ளம். அச்சு இறங்கும்போது அதன் சமதளம்தான் முதலில் வெள்ளியைத் தொடுகிறது, பழைய மேடுகளை நசுக்குகிறது. நசுங்கிய வெள்ளி, திடமாக இருந்தபடியே, பக்கவாட்டில் நகர்ந்து பள்ளங்களுக்குள் ஏறுகிறது. அடி போதாமல் பள்ளம் நிரம்பாவிட்டால் அதற்குள் இருக்கும் பழைய உருவத்தை எதுவும் தொடுவதே இல்லை. அது அப்படியே தங்கிவிடும்.

ஓரத்தில் நடப்பது வேறு. விளிம்பிலுள்ள உலோகம் வெளியே நழுவிக்கொள்ளலாம், தடுக்க ஆளில்லை. நடுவிலுள்ள உலோகம் நகர வேண்டுமானால் சுற்றியுள்ள அத்தனையையும், அச்சோடு உரசும் உராய்வையும் மீறித் தள்ள வேண்டும். அதனால் அழுத்தம் நடுவில் உச்சத்துக்குப் போகிறது, ஓரத்துக்கு வரவரக் குறைகிறது. கிரேக்க எழுத்துகள் ஓரத்தில் இருந்ததால் தப்பின.

இன்னொன்றும் உண்டு. முதல் அடியிலேயே வெள்ளியின் படிக அடுக்குகள் குலைந்து சிக்கிக்கொள்கின்றன, உலோகம் இறுகிவிடுகிறது. மறுபடி நன்றாகச் சுட்டு இளக்காமல் அடித்தால் அது எளிதில் மசியாது. துப்பாக்கியில் அராவி அழித்த எண்ணைத் தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவி மீட்பதும் இந்தச் சிக்கலை நம்பித்தான்: மேற்பரப்பு போனாலும் அடியில் குலைந்த உலோகம் வேறு வேகத்தில் அரிபடும். (வீட்டிலுள்ள பழங்காசில் முயன்று பார்க்காதீர்கள்.)

சரி, இதனால் வரலாற்றுக்கு என்ன லாபம்? மேலே இருப்பது பிந்தியது, அவ்வளவுதான். நகபானனின் ஆண்டுக் கணக்கு இன்னும் தகராறு. கல்வெட்டில் வரும் 46-ஆம் ஆண்டு, பொ.ஆ. 78-ல் தொடங்கும் சக ஆண்டானால் பொ.ஆ. 124; அவனுடைய ஆட்சி ஆண்டானால் இன்னும் முன்னால் போகும். ஆனால் நகபானனுக்குப் பின் சதகர்ணி என்ற வரிசையை யாராலும் அசைக்க முடியாது. புதையலில் மூன்றாவது அரசன் ஒருவனின் காசுகூட இல்லை என்பதால் இருவருக்கும் நடுவில் நீண்ட இடைவெளிக்கும் இடமில்லை. நகபானனின் க்ஷகராத குலத்தை மிச்சமின்றி ஒழித்தவன் என்று நாசிக் குகைக் கல்வெட்டு சதகர்ணியைப் புகழ்வதை வெறும் மெய்க்கீர்த்தி என்று ஒதுக்கியிருக்கலாம். காசு சாட்சி சொல்லிவிட்டது.

  

சக வெள்ளிக்குச் சந்தை நன்றாகவே பழகியிருந்தது. பின்னால் வந்த சாதவாகனர்களும் அதே பாணியில் தங்கள் தலையைப் பொறித்து வெள்ளிக் காசு அடித்தார்கள். அவற்றின் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்தில் இருப்பது தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. 'மகன்' என்ற சொல்லை அதில் நீங்களே படித்துவிடலாம்.