பீங்கான் தூண்களும் நிலநடுக்கமும்

கலிஃபோர்னியாவின் சில்மார் மின்நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கியது. ஒரேகன் மாநிலத்திலிருந்து சுமார் 1,360 கி.மீ. கடந்து வரும் உயர் அழுத்த நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி லாஸ் ஏஞ்சலஸுக்குத் தருவது அதன் வேலை. மறு ஆண்டு பிப்ரவரி 9 அன்று 6.6 அளவு நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்தது. பழுதுபார்த்து ஓட்டினார்கள். 1994 ஜனவரி 17 அதிகாலையில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், 6.7 அளவு. நிலையம் மறுபடி அடிவாங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரமே இருண்டது. இத்தகைய நிலநடுக்கங்களில் துணைமின் நிலையங்களைப் பார்க்கப் போகும் பொறியாளர்கள் முதலில் தேடுவது முறிந்த பீங்கான் தூண்களைத்தான்.

மின்கம்பியைத் தாங்கிக்கொண்டே, மின்சாரம் தரைக்கு இறங்காமல் தடுக்கும் இன்சுலேட்டர்கள் இவை. அவை அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம் மின்சாரம். 500 கிலோவோல்ட் கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் மூன்று நான்கு மீட்டர் இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் காற்றைக் கிழித்துக்கொண்டு பொறி பாயும். அதோடு, கீழே ஆட்கள் பாதுகாப்பாக நடமாட வேண்டும் என்பதற்காக அந்தத் தூணையே ஓர் இரும்புத் தாங்கியின் மேல் ஏற்றி வைக்கிறார்கள். சாதனம் மெலிந்து, உயர்ந்து, பல நேரம் தலைக்கனத்தோடு நிற்கிறது.

நீளமான தொரட்டியின் நுனியில் மாங்காய்க் கொத்து சிக்கியதும் என்ன ஆகிறது? கை கொஞ்சம் அசைந்தாலே நுனி தாறுமாறாக ஆடுகிறது. ஒவ்வொரு தூணுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. நிலநடுக்கத்தின் ஆற்றல் பெரும்பாலும் விநாடிக்கு ஒன்று முதல் பத்து அதிர்வுகளுக்குள் இருக்கிறது. உயரமான மின்சாதனங்களின் இயல்பான ஆட்டமும் துரதிருஷ்டவசமாக அங்கேதான் விழுகிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். மரமோ போல்ட் போட்ட இரும்போ உராய்ந்து அந்த ஆற்றலைக் கொஞ்சம் விழுங்கிவிடும். பீங்கானுக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. அதனால் தரை அசையும் முடுக்கத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சாதனம் உணரக்கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மீட்டர் தூணின் உச்சியில் 500 கிலோ எடை. அந்த உச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஒன்றரை மடங்கு முடுக்கத்தில் பக்கவாட்டில் ஆடினால், தூணின் அடியில் விழும் வளைவுத் திருப்புவிசை சுமார் 30,000 நியூட்டன் மீட்டர். அழுத்தத்தைத் தாங்குவதில் பீங்கான் சூரன், இழுத்தால் ஒடிந்துபோகும். வளையும் தூணின் ஒரு பக்கம் எப்போதும் இழுபடுகிறது. இரும்பைப்போல் நெளிந்து எச்சரிக்கவும் தெரியாது, ஒரே நொடியில் டமார்!

சரி, என்ன செய்வது? முதல் வேலை அலுப்பானது, ஆனால் விட முடியாதது: எல்லாவற்றையும் அடித்தளத்தோடு இறுக்கிக் கட்டுவது. சக்கரம் வைத்துத் தண்டவாளத்தில் நிறுத்திய டிரான்ஸ்ஃபார்மர்கள் உருண்டு கவிழ்ந்த கதைகள் உண்டு. அடுத்தது, பீங்கானுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைத் தண்டின் மேல் சிலிக்கோன் ரப்பர் போர்த்திய இன்சுலேட்டர். எடை குறைவு, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். சர்க்யூட் பிரேக்கரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் அறை சிலவற்றில் தூணின் உச்சியில் இருக்கும், சிலவற்றில் தரையோடு இணைத்த தாழ்வான தொட்டிக்குள் இருக்கும். நிலநடுக்கப் பகுதிக்கு என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், விலை கூடினாலும் பரவாயில்லை.

இதில் ஒரு புதிர் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் தலையில் கொம்புபோல் நீட்டிக்கொண்டு, மின்கம்பியை அதன் உள்ளே கொண்டுசெல்லும் பீங்கான் உறைகளான புஷ்ஷிங்குகளை அதிர்வு மேடையில் ஏற்றிச் சோதித்தால் நன்றாகவே தாங்கின. களத்திலோ அவற்றில் எண்ணெய் கசிந்தது, சில உடைந்தன. ஆய்வகத்தில் அவற்றை மாட்டியது விறைப்பான சட்டத்தில். உண்மையான டிரான்ஸ்ஃபார்மரின் மேல்மூடி வளைந்து கொடுக்கும் தகடு. தகடு வளைவதால் புஷ்ஷிங்கின் ஆட்டம் மெதுவாகி, நிலநடுக்கம் வலுவாக இருக்கும் எல்லைக்குள் வந்து விழுகிறது. பீங்கான் முறியாவிட்டாலும், அடியில் உலோகத்தோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் நழுவினால் போதும், எண்ணெய் வெளியேறிவிடும். மூடித் தகட்டுக்கு விலாப்பட்டைகள் வைத்து விறைப்பாக்குவது இப்படிக் கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று.

தூணின் அடியில் தணிப்பான்கள் வைப்பது இன்னொரு வழி. முறுக்கிய எஃகுக் கயிற்றைச் சுருளாக்கிய தாங்கிகளில் இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தைத் தின்னும். நியூசிலாந்தின் ஹேவர்ட்ஸ் நிலையத்தில் புதிய மின்மாற்றுக் கூடத்தையே தரையிலிருந்து பிரித்து, அசைந்து கொடுக்கும் தாங்கிகளின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். நேர்மின்சார நிலையங்களில் மின்சாரத்தை மாற்றித் தரும் உயரமான தைரிஸ்டர் அடுக்குகளைத் தரையில் நிறுத்தாமல் கூரையிலிருந்து தொங்கவிடும் முறையும் பரவியது. தொங்குவது ஊசலாடும், அடியில் முறியாது.

ஆனால் இப்படி அசைய விடும் வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஒரே பக்கவிளைவு: விசை குறையும், நகர்வு கூடும். பக்கத்துப் பக்கத்துச் சாதனங்களைக் கம்பி இணைக்கிறது. ஒன்று மெதுவாகவும் மற்றது வேகமாகவும் ஆடினால் கம்பி விறைத்து, பலவீனமானதை இழுத்து ஒடித்துவிடும். அதனால் இரண்டின் நகர்வையும் கணக்கிட்டுக் கம்பியில் தொய்வு விடுகிறார்கள். தொய்வு அதிகமானாலும் ஆபத்துதான்: காற்றிலும், குறுக்குச்சுற்றின்போது எழும் விசையிலும் கம்பி வீசி, பக்கத்துக் கம்பியை நெருங்கிவிடும். கம்பிக்குப் பதில் அலுமினியக் குழாய் இருக்கும் இடங்களில் ஒரு முனையில் வழுக்கும் இணைப்பு வைக்கலாம். குழாய் உள்ளே வெளியே நகரும்போது அந்த உராய்வும் கொஞ்சம் ஆற்றலைக் கரைக்கும். எவ்வளவு நகர இடம் விட வேண்டும் என்பதை ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாகத்தான் கணக்குப் போட வேண்டும்.