இரும்பு மருந்துக்கும் அசையாத ரத்தசோகை

ஏற்காடு மலைக் கிராமங்களில் ஒரு பிள்ளைக்கு ரத்தசோகை என்றால் முதல் சந்தேகம் கொக்கிப்புழு மீதுதான். அது நியாயமானதும்கூட. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். கொடுத்த பிறகும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, உயரம் கூடவில்லை, வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டியவற்றில் ஒன்று, கோதுமைப் புரதத்தால் குடல் சுவர் கெடும் சீலியாக் நோய்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் உள்ள குளூட்டன் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. மிஞ்சும் துண்டுகளைக் குடல் சுவரிலுள்ள டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்ற நொதி லேசாக மாற்றுகிறது. டிக்யூ2, டிக்யூ8 மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துண்டுகளைப் பகையாக எடுத்துக்கொள்கின்றன. கூடவே உடலின் சொந்த நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உருவாகிறது. டர்க்கி டவல் மாதிரி இருந்த குடல் சுவர், சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து வேட்டி மாதிரி வழவழப்பாகிவிடும். இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. அதிகம் அடி வாங்குவதும் அதுவே. மருந்து பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

அந்த நொதிக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைத்தான் ரத்தப் பரிசோதனை தேடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ இருக்காது. அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கும் பட்டையும் உண்டு. ஹங்கேரியில் ஒரு மாவட்டத்துச் செவிலியர்கள் அதை வைத்து 2,690 ஆறு வயதுக் குழந்தைகளைச் சோதித்தார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று மேலாக நோய் இருந்தது. பெரும்பாலோர் அதுவரை கண்டறியப்படாதவர்கள்.

சரி, சேலம் மாவட்டப் பள்ளிகளிலும் அப்படியே எல்லோரையும் குத்திப் பார்க்கலாமே? என் கருத்தில் வேண்டாம். 2016இல் வந்த இந்திய ஆய்வில், பெரியவர்களில் வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக் இருந்தது. மரபணு வகை இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில்: வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். பிள்ளைகளிலும் தெற்கின் விகிதமே என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேரில் நோயாளிகள் 10 பேர். நூற்றுக்கு இரண்டு முறை மட்டுமே தவறாக ‘உண்டு’ என்று சொல்லும் நல்ல பரிசோதனையாக இருந்தாலும், நோயில்லாத சுமார் 200 பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். அத்தனை பேரையும், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு மலையிலிருந்து இறக்குவது யார்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கோதுமை சாப்பிட்டால்தான் எதிர்ப்பொருளே உருவாகும். ராகிக்களியும் சாமைச் சோறும் மட்டுமே உண்ணும் பிள்ளைக்கு ‘இல்லை’ என்று முடிவு வந்தால், இன்றைக்கு இல்லை என்றுதான் பொருள். இப்போது பள்ளிக் காலை உணவில் ரவை உப்புமா, சேமியா உப்புமா வருகிறது. பிஸ்கட்டும் பரோட்டாவும் எங்கும் கிடைக்கின்றன. ஆக, தெற்கின் கணக்கு இப்படியே நிற்கும் என்று நினைக்க முடியாது. சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் ரத்தம் எடுப்பதும் தப்பு. எதிர்ப்பொருள் இறங்கி, நோய் ஒளிந்துகொள்ளும்.

அதனால் ஆளைப் பார்த்துத் தேடுவதே இங்கே பொருந்தும்: மருந்துக்கு மசியாத ரத்தசோகை, காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைவு, விடாத வயிற்றுப்போக்கு, முதல் வகை சர்க்கரை நோய், டவுன் சிண்ட்ரோம், ஏற்கெனவே சீலியாக் உள்ள பிள்ளையின் உடன்பிறந்தவர்கள். ரத்தத்தில் ‘உண்டு’ என்று வந்தால் குடல் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பொருளின் அளவு இயல்பான உச்ச வரம்பைப்போல் பத்து மடங்கைத் தாண்டி, இரண்டாவது ரத்த மாதிரியில் வேறொரு எதிர்ப்பொருளும் தெரிந்தால் பிள்ளைகளுக்குத் திசு எடுக்காமலே முடிவு செய்யலாம் என்கிறது ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல்.

சிகிச்சை, ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடு. பஞ்சாபில் அது பெரும்பாடு. சேலத்தில் அரிசி, ராகி, சாமை, மரவள்ளி, ஜவ்வரிசி என்று வழி நிறையவே உண்டு. ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ரசத்தில் போடுவதற்கு முன் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள்.