‘போர்ட்’ செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

“இந்த ஆட்டத்தின் துறைமுகம் மோசமாக இருக்கிறது.”

பழைய அதிரடி வீடியோ கேம் ஒன்று புதிய கன்சோலுக்கு, அதாவது டிவியோடு இணைத்து ஆடும் பெட்டிக்கு, வந்ததைப் பற்றிய காணொளி. அதன் தமிழ் வசனவரியில் இப்படி ஓடியது. சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அடுத்த வாரம் வேறொன்றில் ‘துறைமுகக் குழு’ தலைகாட்டியது. பிறகு ஒரு விளம்பரக் குறிப்பு. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியது என்று பார்த்தாலே தெரிந்தது. அதில் ‘வெற்றிகரமாக இடமாற்றம் செய்யப்பட்டது’ என்றிருந்தது. துறைமுகம் இயந்திரத்தின் உளறல், மன்னித்துவிடலாம். இந்த இடமாற்றத்தைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஒரு கன்சோலுக்கென்று எழுதிய வீடியோ கேமை இன்னொரு கன்சோலில் ஓடும்படி திருத்தி எழுதித் தருவதுதான் போர்ட் செய்வது. வேலைக்குப் போர்ட்டிங் என்று பெயர். கைக்கு வந்து சேரும் பொருள் போர்ட்.

வேர் லத்தீன். அங்கே மூன்று சொற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. போர்ட்டுஸ் என்றால் துறை, போர்ட்டா என்றால் வாயில், போர்ட்டாரே என்றால் சுமந்து செல்லுதல். கப்பல் நிற்கும் போர்ட் முதலாவதன் பிள்ளை. கணினியில் கம்பி செருகும் போர்ட் இரண்டாவதன் பிள்ளை. நம்முடையது மூன்றாவது, டிரான்ஸ்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் அதன் உடன்பிறப்புகள். ஒரு பொறியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லத்தக்க நிரலைப் ‘போர்ட்டபிள்’ என்றார்கள், அதிலிருந்து ‘போர்ட்’ என்ற வினை வந்தது. மிக ஆழத்தில் மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பார்கள் மொழியியலார். இருக்கட்டும். அதற்காகச் சுமை தூக்கும் போர்ட்டரை ‘ஏ துறைமுகம்’ என்று யாராவது கூப்பிடுகிறார்களா?

சரி, இடமாற்றத்துக்கு வருவோம். “அதுல என்னய்யா குறை? இங்கேருந்து அங்கே போகுது, அவ்வளவுதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவ்வளவுதான் இல்லை. இடமாற்றம் என்றதும் நம் மனத்தில் எழுவது ஊழியர் ஒருவர் ஒரு நாற்காலியைக் காலி செய்துவிட்டு வேறோர் அலுவலகத்தில் போய் உட்காரும் காட்சி. பழைய நாற்காலி காலி. ஆள் அதே ஆள். போர்ட்டில் இவை இரண்டுமே தலைகீழ். மூல ஆட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, யாரும் எதையும் காலி செய்யவில்லை. புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ அதே ஆள் இல்லை. இந்தக் குழப்பத்துக்குக் கைபேசி எண்ணும் ஒரு காரணம் என்று சந்தேகிக்கிறேன். ‘நம்பரைப் போர்ட் பண்ணிட்டேன்’ என்கிறோமே, அங்கே எண் அப்படியே இருக்கும், நிறுவனம்தான் மாறும். அதற்கு இடமாற்றம் பொருந்திவிடும். ஆட்டத்துக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதற்கு ‘ஃபைனல் ஃபைட்’ ஒன்று போதும். 1989-இல், கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் பொறிக்காகக் கேப்காம் நிறுவனம் செய்த அடிதடி ஆட்டம். தேர்ந்தெடுக்க மூன்று வீரர்கள்; இருவர் பக்கத்தில் நின்று சேர்ந்து ஆடலாம். அடுத்த ஆண்டு அதையே சூப்பர் நிண்டெண்டோ என்ற வீட்டுக் கன்சோலுக்குப் போர்ட் செய்தார்கள். கய் என்ற வீரர் காணாமல் போனார். தொழிற்சாலைக் கட்டம் முழுதாகப் போயிற்று. இருவர் ஆட்டமும் போயிற்று. ஆர்கேடில் கும்பலாக வந்து சூழும் எதிரிகள் இங்கே ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் திரையில் வருவதில்லை. பிறகு 1992-இல் ஜப்பானில் இன்னொரு பதிப்பு வந்தது. அதில் கய் திரும்பி வந்தார், ஆனால் கோடி என்ற வீரரைத் தூக்கிவிட்டார்கள்! இடமாற்றத்தில் ஆள் பாதியாகத் திரும்புவது எந்த அலுவலகத்தில் நடக்கிறது?

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ‘ரெசிடென்ட் ஈவில் 2’, 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு இரண்டு சிடிக்களில் வந்தது. ஒரு சிடி ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். மறு ஆண்டே ஏஞ்சல் ஸ்டூடியோஸ் என்ற குழு அதை நிண்டெண்டோ 64-க்குப் போர்ட் செய்தது. அந்தக் கன்சோலில் சிடியே கிடையாது, ஆட்டத்தைச் சில்லில் பதித்துச் செருகும் கேட்ரிட்ஜ்தான். கிடைத்த இடம் 64 மெகாபைட். படக்காட்சிகளைக் கசக்கிப் பிழிந்து, நொடிக்கு ஓடும் தனிப்படங்களான பிரேம்களைக் குறைத்து, ஒலியைச் சுருக்கி, இரண்டு சிடி ஆட்டத்தையும் அந்த ஒரு பெட்டிக்குள் அடக்கினார்கள். படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் கதை முழுதும் இருந்தது. இதைச் செய்தவர்களிடம் போய் ‘நல்ல இடமாற்றம்’ என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களாவது பரவாயில்லை. உள்ளே நடப்பதுதான் பெரிய கூத்து. பிளேஸ்டேஷன் 3-இன் செயலி ஓர் எண்ணின் பெரிய முனையை, அதாவது மதிப்பு மிகுந்த பகுதியை, நினைவகத்தில் முதலில் எழுதும். பிளேஸ்டேஷன் 4-இன் செயலி சிறிய முனையை முதலில் எழுதும். பழைய கோப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் ஒவ்வோர் எண்ணும் தலைகீழாகப் படிக்கப்படும். ‘டார்க் சோல்ஸ் 2’ கன்சோல்களில் நொடிக்கு 30 பிரேமில் ஓடியது. 2014-இல் கணினிக்கு வந்தபோது 60. ஆயுதம் தேயும் வேகம் பிரேம் கணக்கோடு பிணைந்திருந்ததால் கணினியில் ஆடியவர்களின் வாள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தது. நகர்த்தியவர்கள் நகர்த்திவிட்டார்கள், புதிய இடத்துக்கு ஏற்பக் கட்டியமைக்கும்போது அந்த ஒரு முடிச்சை அவிழ்க்க மறந்துவிட்டார்கள்.

ஆக, இந்தச் சொல்லில் இரண்டு வேலை இருக்கிறது: ஓரிடத்திலிருந்து பெயர்ப்பது, போன இடத்துக்கு ஏற்ப அமைப்பது. இடமாற்றம் முதல் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. நம் பழைய இலக்கணக்காரர் இந்தத் தவறைச் செய்யவில்லை. தொல்காப்பிய மரபியலில் வழிநூலின் நான்கு வகைகளைச் சொல்லும்போது கடைசி வகையை ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறார். பெயர்த்தால் மட்டும் போதாது, அதர்ப்பட, அதாவது நெறிப்பட, யாக்கவும் வேண்டும். முதல்நூல் தன் இடத்தில் இருக்க, அதன் வழி வந்தது வழிநூல். கன்சோலைப் பார்த்திராத மனிதர் போர்ட்டுக்கு இலக்கணம் எழுதிவைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

அதனால் நான் எழுதுவது ‘பெயர்த்தமைப்பு’. வினையாகப் ‘பெயர்த்தமை’. செய்தவர் ‘பெயர்த்தமைத்தவர்’. ‘சுவரைப் பெயர்த்தெடுப்பது போல இருக்கிறதே’ என்றார் அதே நண்பர். இருக்கட்டுமே! பல போர்ட்டுகளைப் பார்த்தால் காரை பெயர்ந்த சுவர் மாதிரிதானே இருக்கின்றன. நீளமான சொல் என்பது நியாயமான குறை. திரும்பத் திரும்ப எழுதும்போது ‘பெயர்ப்பு’ என்று சுருக்கிக்கொள்கிறேன்; மொழிபெயர்ப்போடு குழம்பும் இடத்தில் மட்டும் முழுதாக.

‘மறுஆக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு சங்கதி. அதே ‘ரெசிடென்ட் ஈவில் 2’ 2019-இல் அடியிலிருந்து புதிதாகச் செய்யப்பட்டு வந்ததே, அது மறுஆக்கம். 1999-இல் வந்தது பெயர்த்தமைப்பு. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் படிப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? ‘பதியம்’ என்று ஓர் அன்பர் சொன்னார். தாய்ச்செடி நிற்க, கிளை புது மண்ணில் வேர்பிடிக்கும். அழகான உவமைதான், ஒரு நாள் முழுக்க அதில் மயங்கிக் கிடந்தேன். ஆனால் பதியம் போட்ட செடி தாயின் அச்சு அசல். கய்யைத் தொலைத்த செடி எங்கே இருக்கிறது? ‘போர்ட்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்பவர்களுக்கு: பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். கன்சோலைக் கன்சோல் என்றுதானே இங்கேயும் எழுதியிருக்கிறேன். எழுத்தில் ‘போர்ட் மோசம்’ என்றால் ஆட்டமா, கம்பி செருகும் ஓட்டையா, எழுத்துப் பிழையோடு வந்த பெயர்ப்பலகையா என்று பார்ப்பவர் முழிக்கிறார்.

இந்தச் சொல்லோடு நின்றால் பரவாயில்லை. ஒரு ஆட்டத்தின் தமிழ் மெனுவில் முந்தைய பக்கத்துக்குப் போகும் பொத்தானுக்கு ‘முதுகு’ என்று போட்டிருந்தார்கள். ஆடியதைச் சேமிக்கும் இடத்தில் ‘காப்பாற்று’. யாரை? சொற்பட்டியலை மட்டும் கொடுத்து, ஆட்டத்தைக் கண்ணில் காட்டாமல் மொழிபெயர்க்கச் சொன்னால் இப்படித்தான் வரும். மொழிபெயர்ப்பவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘வெற்றிகரமாக இடமாற்றம்’ எழுதியவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆட்டத்தின் பெயர், பழைய கன்சோல், புதிய கன்சோல் எல்லாம் அதே வரியில் இருந்தன.

‘போர்ட்டபிலிட்டி’ மட்டும் இன்னும் என் கையில் சிக்கவில்லை. ‘பெயர்த்தமைக்கத்தக்க தன்மை’ என்று எழுதிப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. இப்போதைக்குப் ‘பொறிசாராமை’ என்று வைத்திருக்கிறேன். அதிலும் சுமந்து செல்லும் பொருள் உதிர்ந்துவிடுகிறது.